பெங்களூரில் நான் கட்டியதைக் காட்டப் போன நாள்

பெங்களூர் போனால் என்னென்ன பார்க்கலாம் என்று காரிமங்கலம் பக்கத்தில் யார் கேட்டாலும் என்னிடம்தான் அனுப்புவார்கள். பதினான்கு வருஷம் அங்கே இருந்தவன் என்ற மரியாதை. நானும் கால்மேல் கால் போட்டுக்கொண்டு சொல்வேன். லால்பாக் போங்க, மெட்ரோவுல ஏறுங்க, விதான சவுதா முன்னால நின்னு ஒரு போட்டோ எடுங்க, மசால் தோசை சாப்பிடாம மட்டும் வந்துடாதீங்க. கேட்டவர்கள் போய்வந்து, அண்ணன் சொன்னது சொன்னபடியே இருந்தது என்று நன்றி வேறு சொல்லியிருக்கிறார்கள்.

உண்மை என்னவென்றால் இதில் ஒன்றைக்கூட நான் செய்ததில்லை. நான் சென்ட்ரிங் வேலைக்காரன். தகரக் கொட்டகையிலிருந்து சைட்டுக்கு, சைட்டிலிருந்து கொட்டகைக்கு. பதினான்கு வருஷமும் குண்டுச் சட்டியில் குதிரை ஓட்டியவன். ஞாயிற்றுக்கிழமை துணி துவைக்கவும் கறி எடுத்துச் சமைக்கவுமே சரியாக இருக்கும். லால்பாக் பக்கம் இருநூறு தடவையாவது லாரியில் போயிருப்பேன். சுவரைப் பார்த்திருக்கிறேன்.

இந்த ரகசியம் என் மனைவிக்குத் தெரியாது என்று நினைத்திருந்தேன். அவள் மாரண்டஅள்ளிக்கு அந்தப் பக்கத்து ஊரில் பிறந்தவள். அங்கே பாதி வீடுகளில் கன்னடம் பேசுவார்கள். எனக்கு வாக்கப்பட்டு வந்த பிறகு மூன்று ஏக்கர் மானாவாரி நிலம், நாலு ஆடு, இரண்டு பிள்ளைகள், வாரச்சந்தை என்று அவள் உலகம் அமைந்துவிட்டது. பெங்களூர் இங்கிருந்து மூன்று மணி நேரம்தான். ஆனாலும் ஒருமுறைகூட வந்ததில்லை. வா என்று நானும் கூப்பிட்டதில்லை. தகரக் கொட்டகையில் எட்டுப் பேரோடு படுத்துக்கொண்டு பெண்டாட்டியை எங்கே கூப்பிடுவது?

இப்போது நான் ஊரோடு வந்துவிட்டேன். மகளைக் கட்டிக் கொடுத்தாயிற்று, மகன் ஓசூரில் வேலைக்குப் போகிறான். ஒருநாள் சாயங்காலம் நான் பக்கத்து வீட்டுக்காரருக்கு வழக்கம்போல் பெங்களூரைப் பற்றி அளந்துகொண்டிருந்தேன். ராகிக் கதிரை உதறிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து கேட்டாள்.

“ஏங்க, ஊரெல்லாம் அனுப்பறீங்களே, என்னையும் ஒருநா கூட்டிக்கிட்டுப் போங்களே.”

“போலாம் வா. என்னா பாக்கணும் உனக்கு? லால்பாக்கா, ஷாப்பிங் மாலா?”

“நீங்க கட்டுனத பாக்கணும்.”

பக்கத்து வீட்டுக்காரர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சென்ட்ரிங் என்பது என்ன வேலை என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். களி கிண்டிக் கொட்டுவதற்கு ஒரு சட்டி வேண்டும் அல்லவா? கான்கிரீட்டுக்கு அந்தச் சட்டியைச் செய்வது நாங்கள். தளம் போடுவதற்கு முன்னால் கீழே வரிசையாக முட்டுக் கொடுத்து, மேலே பலகையும் தகடும் பரப்பி, ஒரு நூல் பிசகாமல் மட்டம் பார்ப்போம். அதன்மேல் கம்பி கட்டுபவர்கள் கம்பி கட்டுவார்கள், பிறகு கான்கிரீட் வரும். அது இறுகியதும் முட்டுகளை எல்லாம் தட்டி எடுத்து, பலகையைப் பிரித்துக்கொண்டு அடுத்த மாடிக்குப் போய்விடுவோம். கொத்தனார் கட்டிய சுவர் நிற்கும். டைல்ஸ்காரர் ஒட்டிய டைல்ஸ் மினுக்கும். பெயின்டர்கூட, இது நான் அடித்த கலர் என்று காட்டலாம். சென்ட்ரிங்காரன் எதைக் காட்டுவான்? எங்கள் வேலை நன்றாக முடிந்தது என்பதற்கு அடையாளமே அங்கே நாங்கள் செய்தது எதுவும் இல்லாமல் போவதுதான்.

இதை அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பதினான்கு வருஷம் அந்த வீட்டை அவள் ஒற்றை ஆளாக இழுத்திருக்கிறாள். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும், வீட்டுத் தண்ணீர் மோட்டார் எரிந்துபோனாலும், என் அம்மா படுத்த படுக்கையானபோதும் அவள்தான். அதற்கெல்லாம் பதிலாக, நான் அங்கே ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தேன் என்பதுதான் எங்களுக்குள் இருந்த கணக்கு. போய் நின்று, காட்ட ஒன்றுமில்லை என்றால் அந்தப் பதினான்கு வருஷத்துக்கு என்ன பொருள்? நாலு இடம் நன்றாகச் சுற்றிக் காட்டினால் கேட்டதை மறந்துவிடுவாள் என்று கணக்குப் போட்டேன். அவளைப் பற்றி எனக்கு எவ்வளவு தெரிந்திருந்தது பாருங்கள்.

தை மாதம் அறுப்பெல்லாம் முடிந்து ஒரு வெள்ளிக்கிழமை கிளம்பினோம். விடிகாலையில் எழுந்து புளிச்சோறு கட்டிக்கொண்டாள்.

“எதுக்கு இது? அங்க இல்லாத ஓட்டலா?”

“நான் இன்னைக்கு ஒருசந்திங்க. ஒரு வேளைதான் சாப்புடுவேன். எப்ப சாப்புடறனோ தெரியாது, கையில இருக்கட்டும்.”

வெள்ளிக்கிழமை, ஏதோ மாரியம்மனுக்கு வேண்டுதல் என்று நினைத்துக்கொண்டேன். மசால் தோசைக்குக் கூட்டிப்போகிற அன்றைக்குத்தானா இந்த விரதம் என்று எரிச்சலாக இருந்தது. ஆனால் அவள் பிடித்த முயலுக்கு மூன்றே கால். விட்டுவிட்டேன்.

கிருஷ்ணகிரி போய், பெங்களூர் பஸ் மாறி, ஓசூரைத் தாண்டி பொம்மசந்திராவில் இறங்கினோம். அங்கிருந்து இப்போது மெட்ரோ ஓடுகிறது. நான் இருந்த காலத்தில் அந்த ரோட்டில் தூண்கள் மட்டும்தான் நின்றன. மெட்ரோ ஸ்டேஷனில் டோக்கனைக் காட்டினால் கதவு திறக்கும் என்று ஊரில் எத்தனையோ பேருக்குப் பாடம் நடத்தியிருக்கிறேன். அன்றைக்கு என் டோக்கனை எங்கே வைப்பது என்று தெரியாமல் கதவின் தலையில், வயிற்றில் எல்லாம் தேய்த்துக்கொண்டிருந்தேன். அவள் எனக்கு முன்னால் போன பெண்ணைப் பார்த்துவிட்டு, சரியான இடத்தில் வைத்துச் சட்டென்று உள்ளே போய்விட்டாள். அந்தப் பக்கம் நின்றுகொண்டு என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே.

“இதுல எத்தன தடவ போயிருக்கறீங்க?”

“இது புது லைன்” என்றேன். அது பொய்யில்லை.

அந்த ரயிலைப் பற்றி என்ன சொல்வது. வீட்டு மொட்டைமாடிகளுக்கு மேலே போகிறது. துணி காயப்போடும் கொடிகள், கறுப்புத் தண்ணீர்த் தொட்டிகள், ஒரு மாடியில் யாரோ வளர்க்கும் முருங்கை மரம், எல்லாம் காலுக்குக் கீழே ஓடின. கீழே ஓசூர் ரோட்டில் வண்டிகள் அசையாமல் நின்றன. நாங்கள் பறந்தோம். அவள் உட்காரவே இல்லை. கண்ணாடியில் நெற்றியை ஒட்டிக்கொண்டு நின்றாள். ஓர் இடத்தில் கீழே ஒரு ரோடு, அதற்கு மேலே ஒரு பாலம், அதற்கும் மேலே எங்கள் ரயில். “மூணு அடுக்கு. எப்பிடித்தான் முட்டுக் குடுத்தாங்களோ” என்றாள். என்னோடு குடித்தனம் நடத்தியதில் அவளுக்கும் முட்டுதான் முதலில் ஞாபகம் வருகிறது. எனக்கு உள்ளுக்குள் பெருமையாக இருந்தது.

ராகிகுட்டா என்று ஒரு ஸ்டேஷன் வந்தது. அறிவிப்பைக் கேட்டதும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கன்னடத்தில் குட்டா என்றால் குன்று. “இம்மாம் பெரிய ஊருல ராகி மேட்டுக்கு ஒரு ரயில் டேசன் பாருங்க. நம்மூருல ராகிய வெளைய வச்சவனுக்கு ஒரு பஸ்ஸு நிக்கறதில்ல.” பக்கத்தில் நின்ற ஓர் அம்மாள் அவளிடம் கன்னடத்தில் ஏதோ கேட்க, இவளும் பதில் சொல்ல, இறங்கி ரயில் மாறும் வரைக்கும் இரண்டு பேரும் பேச்சு. பதினான்கு வருஷத்தில் எனக்குப் பேச வந்த கன்னடம் ‘தண்ணி’, ‘சிமென்ட்’, ‘சம்பளம் எப்போ’ மூன்றும்தான். இவள் பெங்களூரில் கால் வைத்து ஒரு மணி நேரத்தில் சிநேகிதம் பிடித்துவிட்டாள். வாய் உள்ள பிள்ளை பிழைக்கும் என்பது சும்மாவா?

லால்பாக்கில் ஒரு பெரிய பாறை இருக்கிறது. போகிறவர்கள் பூவையும் கண்ணாடி மாளிகையையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள், அந்தப் பாறையில் ஏறுங்கள். நம் பக்கத்துப் பாறைதான், அதே நிறம், அதே வழவழப்பு. காலேஜ் பிள்ளைகள் ஜோடி ஜோடியாக உட்கார்ந்திருந்தார்கள். மேலே ஏறினால் நான்கு பக்கமும் ஊர் தெரிகிறது. மரத்துக்கு மேலே கட்டடம், கட்டடத்துக்கு மேலே கிரேன். இவ்வளவையும் மனிதன் கையால் செய்தான் என்றால் நம்ப முடிகிறதா? நான் அதில் ஒரு கை என்று நினைத்தபோது நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது. அவள் குனிந்து பாறையை உள்ளங்கையால் கூட்டிப் பார்த்தாள்.

“அறுவது மூட்ட ராகி காயப் போடலாங்க. சும்மா கெடக்குது.”

“இங்க வந்து களம் பாக்கறா பாரு. ஊர பாரு புள்ள.”

“ஊரத்தான் பாக்கறேன். இதுல எது நீங்க கட்டுனது?”

மறக்கவில்லை. கிரேன் நின்ற திசையில் நீலக் கண்ணாடியாக மினுக்கிக்கொண்டிருந்த ஒரு உயரமான கட்டடத்தைக் கை காட்டினேன். “அதா, அதுல வேல செஞ்சிருக்கறேன்.”

கண்ணுக்குமேல் கையை வைத்துப் பார்த்தாள். “அது கண்ணாடியில்ல இருக்குது. நீங்க கண்ணாடி வேலயா செஞ்சீங்க?”

“கண்ணாடிக்கு உள்ள இருக்குது.”

“அப்ப உள்ள போய்ப் பாக்கலாம்.”

அது கம்ப்யூட்டர் கம்பெனி, உள்ளே விடமாட்டார்கள் என்று சொல்லித் தப்பித்தேன். வெளியே வந்து ஓட்டலுக்குக் கூட்டிப்போனேன். வரிசையில் நின்று இரண்டு மசால் தோசை வாங்கினேன். வெண்ணெய் உருகி ஓடிக்கொண்டிருந்தது. அவள் ஒரு காபி மட்டும் குடித்தாள்.

“பெங்களூர் வந்து தோச திங்காதவ நீ ஒருத்திதான். மாரியாத்தா ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டா.”

“நீங்க சாப்புடுங்க.”

கோபத்தில் இரண்டையும் நானே சாப்பிட்டேன். கோபத்தில் சாப்பிட்டாலும் அந்தத் தோசையைக் குறை சொல்ல முடியாது.

மதியம் வெயில் ஏறியதும் மாலுக்குப் போனோம். ஒரே மெட்ரோவில் போய்விடலாம். அந்த மாலில் நான் உண்மையாகவே வேலை செய்தேன். கீழே மூன்று பேஸ்மென்ட், மேலே ஐந்து மாடி, அஸ்திவாரக் குழியிலிருந்து தொடங்கி ஒன்றேமுக்கால் வருஷம். வேலை முடிந்த பிறகு ஒருநாளும் உள்ளே போனதில்லை. வாசலில் பையைத் திறந்து காட்டச் சொன்னார்கள். புளிச்சோற்று டப்பாவை அந்தப் பெண் காவலாளி திருப்பித் திருப்பிப் பார்த்தாள். என்னைக் கையைத் தூக்கச் சொல்லித் தடவினார்கள். இந்த வாசலுக்கு மேலே உள்ள உத்தரத்துக்கு முட்டுக் கொடுத்தவன் நான், என்னையே தடவுகிறாயா என்று வாய்வரைக்கும் வந்தது. அடக்கிக்கொண்டேன்.

உள்ளே போனால் எனக்கே இடம் தெரியவில்லை. நடுவில் ஐந்து மாடிக்கும் வெளிச்சம் இறங்கும்படி கண்ணாடிக் கூரை. பிள்ளைகள் பனிக்கட்டியில் வழுக்கி விளையாட ஓர் இடம். ஊர் முழுக்க வாசனை தெளித்தாற்போல் ஒரு மணம். நகரும் படிக்கட்டில் முதல் காலை வைக்க அவள் என் கையைப் பிடித்தாள். நானும் அவள் கையைத்தான் பிடித்தேன். இரண்டு பேரும் ஒன்றாகத் தடுமாறி ஏறினோம். இரண்டாம் தடவை அவள் கையை விட்டுவிட்டாள். ஐந்தாம் மாடி வரைக்கும் போய், இறங்கி, மறுபடியும் ஏறினோம். ஐம்பது வயதுக்கு மேல் இரண்டு பேர் இலவசமாக இவ்வளவு சந்தோஷப்பட வேறு இடம் இருக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை.

அப்புறம் ஒரு தூணைக் காட்டி, “இது நாங்க நிறுத்துனது” என்றேன். அவள் தொட்டாள். பளிங்கு. கூரையைக் காட்டினேன். வெள்ளை அட்டையில் விளக்குகள். தரையைப் பார்த்தாள், அதுவும் பளிங்கு. முகத்தில் ஒன்றும் காட்டாமல், “நல்லா இருக்குதுங்க” என்றாள். கோயில் வாசலில் நின்றுவிட்டுச் சாமி பார்க்காமல் திரும்பும் குரல் அது.

என் கோபம் எப்போதும் தப்பான ஆள்மேல்தான் பாயும்.

“வேற என்னத்த காட்டச் சொல்ற? எங்க வேல வெளிய தெரியற வேலயா? முட்டு குடுப்போம், பிரிச்சு எடுத்துக்கிட்டு போயிருவோம். ஒண்ணும் மிச்சமில்ல. பதினாலு வருசம் செஞ்சதுக்கு ஒரு ஆணிகூட மிச்சமில்ல. போதுமா?”

ஐஸ்கிரீம் கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சொன்ன பிறகுதான், இத்தனை நாளும் அது எனக்குள் அப்படியே இருந்திருக்கிறது என்று தெரிந்தது. ஒரு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“ஒரு வேப்பிலைக்காகத் திட்டு வாங்குனீங்களே. அது இந்தக் கட்டடம்தான?”

நான் அதை மறந்தே போயிருந்தேன்.

எங்கள் ஊர்ப்பக்கத்து சென்ட்ரிங் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. தளம் போடும் நாளில் பூசை எல்லாம் மேஸ்திரி செய்வார். அது போக, சொந்த ஊர் அம்மன் கோயில் மரத்திலிருந்து ஒரு கொத்து வேப்பிலை கொண்டுவந்து மூலையில் வைப்போம். முட்டு இறங்கிவிடக் கூடாது என்று. ஒரு முட்டு நழுவினால் என்ன ஆகும் என்று எங்களுக்குத் தெரியும். வேலைக்குப் போன மூன்றாம் வருஷம் வேறு ஒரு சைட்டில் தளம் இறங்கி, கம்பைநல்லூர்க்காரர் ஒருவருக்கு இடுப்பு போய்விட்டது. அதை ஊரில் வந்து சொன்னேன். அதிலிருந்து ஒவ்வொரு முறை நான் கிளம்பும்போதும் அவள் கோயில் மரத்திலிருந்து வேப்பிலை ஒடித்துப் பையில் வைப்பாள். அடுத்த தளம் என்றைக்கு என்று கேட்டு வைத்துக்கொண்டு, இன்னொன்றும் சொல்வாள்: “தளம் போட்டு முடிஞ்ச ஒடனே ஒரு போன் பண்ணுங்க.” பெரிய தொந்தரவு அது. கான்கிரீட் ஆரம்பித்தால் பதினாறு மணி நேரம்கூட ஓடும். கை கால் வழங்காமல் வந்து விழுகிறவனுக்கு போன் எங்கே ஞாபகம் வரும்? பாதி நாள் பேசுவேன். மீதி நாள் மறந்து மறுநாள் பேசுவேன். அவளும் “சரிங்க, நல்லா இருக்கறீங்கல்ல” என்பதோடு வைத்துவிடுவாள்.

வேப்பிலையைக் கான்கிரீட் வருவதற்கு முன்னால் எடுத்துவிட வேண்டும். மூன்றாம் பேஸ்மென்ட்டின் கூரை போடும் அன்று கான்கிரீட் வண்டி சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டது. தலைகால் தெரியாத ஓட்டத்தில் எடுக்க மறந்துவிட்டேன். இரண்டு வாரம் கழித்து அந்த மூலையில் தகட்டைப் பிரித்தால், கூரையில் வேப்பங்கொத்து அச்சு அசலாகப் பதிந்திருக்கிறது. தர்மபுரிக்காரன் பெங்களூரில் அம்மன் கோயில் கட்டிவிட்டான் என்று எல்லாரும் சிரித்தார்கள். இன்ஜினியர் சிரிக்கவில்லை. எல்லார் முன்னாலும் என்னைத் திட்டிக் கிழித்துவிட்டு, சிமென்ட் வைத்துப் பூசச் சொன்னார். அதற்குள் என்னை மேல்தள வேலைக்கு மாற்றிவிட்டார்கள். பூசினார்களா என்று எனக்குத் தெரியாது. ஊருக்கு வந்தபோது இதை வேடிக்கையாக அவளிடம் சொல்லியிருக்கிறேன்.

“அது பார்க்கிங்கு. பூசியிருப்பாங்க” என்றேன்.

“பாத்துட்டுப் போலாங்க” என்று எழுந்துவிட்டாள்.

லிஃப்டில் மூன்றாம் பேஸ்மென்ட்டுக்கு இறங்கினோம். மேலே இருந்த வாசனை, பாட்டு ஒன்றும் இங்கே இல்லை. வரிசையாகக் கார்கள், மஞ்சள் கோடு, குழல் விளக்கு. ஆனால் கூரையைப் பார்த்ததும் எனக்கு மூச்சு லேசாயிற்று. அட்டை இல்லை, பளிங்கு இல்லை. வெறும் கான்கிரீட்டின் மேல் ஒரு கோட் வெள்ளை. எங்கள் தகடுகளின் ஓரக் கோடு கட்டம் கட்டமாக அப்படியே தெரிந்தது. “இதா, இதுதான் எங்க கோடு” என்று அவளுக்குக் காட்டினேன். அவள் தலையை அண்ணாந்தபடியே நடந்தாள். சரிவுப்பாதை திரும்பும் இடம், தண்ணீர்த் தொட்டிச் சுவர், அதற்குப் பக்கத்து மூலை என்று எனக்கு நினைவு. அந்த மூலையில் போய்ப் பார்த்தால் ஒன்றுமில்லை. சிவப்புக் குழாய்களும் கம்பி வடங்களும்தான் ஓடின. போனில் விளக்கு போட்டு ஒவ்வொரு கட்டமாகத் தேடினோம். இரண்டு பேர் காரில்லாமல் கார்களுக்கு நடுவே கூரையைப் பார்த்துக்கொண்டு திரிந்தால் யார் சும்மா இருப்பார்கள்? தூரத்திலிருந்து விசில் கேட்டது. நடுத்தர வயதுக் காவலாளி ஒருவர் வேகமாக வந்தார்.

“ஏனு நோட்தா இத்தீரி?” என்றார். என்ன பார்க்கிறீர்கள் என்று கேட்கிறார்.

நான் கையைப் பிசைந்தேன். அவள் பதற்றமே இல்லாமல் கன்னடத்தில் ஆரம்பித்தாள். பாதிதான் எனக்குப் புரிந்தது. வேப்பிலை என்றாள், முட்டு என்பதற்குக் கையை உயர்த்திக் காட்டினாள், அம்மன் என்றாள், என்னைக் காட்டினாள். அவர் தொப்பியைச் சற்றுத் தள்ளிவிட்டுத் தலையைச் சொறிந்தார். பிறகு எங்களை எதிர்ப்பக்க மூலைக்கு அழைத்துப்போனார். நான் தேடியது மேலே ஏறும் சரிவுப்பாதைப் பக்கம். இது இறங்கும் பாதை. தன் பெரிய டார்ச்சை ஒரு சிவப்புக் குழாய்க்குப் பின்னால் அடித்தார்.

இருந்தது. பூசவில்லை. நடுக்காம்பு, இரண்டு பக்கமும் ரம்பப் பல்லாக வெட்டிய சிற்றிலைகள், நுனியில் ஒன்று மடிந்துபோனதுகூட வெள்ளைப் பெயின்ட்டுக்கு அடியில் அப்படியே தெரிந்தது. செத்த பல்லி ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று இத்தனை நாளும் நினைத்தேன் என்று அவர் சொன்னதை அவள் எனக்குச் சொன்னாள். அவர் ஏதோ கேட்டார். அவள் வேப்பிலையைக் காட்டவில்லை. கையை மேலே நீட்டி, மூன்று பேஸ்மென்ட்டையும் ஐந்து மாடியையும் சேர்த்து ஒரு வளையம் போட்டு, “நம்ம யஜமான்ரு கட்டித்து” என்றாள். எங்க வீட்டுக்காரர் கட்டியது.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. காவலாளி என் கையைப் பிடித்துக் குலுக்கினார். இதைவிடப் பெரிய மரியாதை எனக்கு எந்த ஊரிலும் கிடைத்ததில்லை.

அவள் இன்னும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நின்னுக்கிச்சுங்க” என்றாள்.

“நிக்காம? இத்தன வருசமா நிக்குது.”

“எனக்கு எப்பிடித் தெரியும்? இந்தத் தளம் போட்டன்னிக்கு நீங்க போன் பண்ணல. மறுநா மத்தியானந்தான் பண்ணீங்க.”

“தூங்கிட்டேன். அதுக்கென்ன?”

“தளம் போடறன்னிக்கெல்லாம் நான் ஒருசந்திங்க. உங்க போன் வந்தப்புறந்தான் சாப்புடுவேன்.”

சாதாரணமாகச் சொன்னாள், ஆட்டுக்குத் தழை வைத்துவிட்டேன் என்பதுபோல. அன்று காலையிலிருந்து அவள் பட்டினி கிடந்தது மாரியம்மனுக்காக இல்லை, நான் கட்டியது நிற்பதைக் கண்ணால் பார்க்கும்வரைக்கும்தான் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. பதினான்கு வருஷத்தில் எத்தனை தளம் போட்டிருப்பேன், அதில் எத்தனை நாள் போன் பண்ண மறந்து குறட்டை விட்டிருப்பேன் என்று யோசிக்கப் போய், யோசனையை நிறுத்திவிட்டேன். அந்த நாட்களில் எல்லாம் அவள் பிள்ளைகளுக்குச் சோறு போட்டுவிட்டு, காட்டு வேலைக்குப் போய்க்கொண்டு, வெறும் வயிற்றோடு என் போனுக்குக் காத்திருந்திருக்கிறாள். ஒருமுறைகூடச் சொன்னதில்லை. கட்டடம் முழுக்க முட்டுக் கொடுத்தவன் நான் என்று இவ்வளவு நேரம் பெருமை பேசினேனே.

“சொல்லியிருக்கலாமில்ல?”

“சொன்னா நீங்க அங்க வேல செய்வீங்களா, இத நெனைப்பீங்களா?”

காவலாளிக்கு எங்கள் பேச்சு புரியவில்லை. ஆனாலும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து வந்து அவளுக்குப் போட்டார். அவள் உட்கார்ந்து, பையிலிருந்து டப்பாவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். திறக்கவில்லை.

“பாத்தாச்சுல்ல. சாப்புடு” என்றேன்.

“போன் வரலயே” என்றாள்.

கிண்டல் என்று நினைத்து முகத்தைப் பார்த்தேன். சிரிக்கவில்லை. பேஸ்மென்ட்டில் சிக்னல் இல்லை. எங்கே கிடைக்கும் என்று காவலாளியைக் கையால் கேட்டேன். மேலே கை காட்டினார். அந்தச் சரிவுப்பாதையில் இரண்டு வளைவு ஏறினேன். வெளிச்சம் தெரிகிற இடத்தில் சிக்னல் ஒரு கோடு வந்தது. எங்களுடைய பழைய போன்கள், ஒன்றுக்கு இரண்டுதரம் போட்டால்தான் போகும். அவளுக்குக் கீழே சிக்னல் இருக்காது என்பது அப்புறம்தான் மண்டையில் ஏறியது. மறுபடியும் ஓடி இறங்கி அவளைக் கூட்டி வந்தேன். காவலாளி நாற்காலியைத் தூக்கிக்கொண்டு கூடவே வந்தார். அவளைச் சுவரோரம் உட்கார வைத்துவிட்டு, நான் பத்தடி தள்ளிப் போய் நின்று நம்பரைப் போட்டேன். பைக்குள் அடித்தது. எடுத்தாள்.

“தளம் போட்டு முடிஞ்சுதுங்களா?” என்றாள்.

“முடிஞ்சிருச்சு. நல்லா நின்னுக்கிச்சு. நான் நல்லா இருக்கறேன். நீ சாப்புடு புள்ள.”

“சரிங்க” என்று போனை வைத்துவிட்டு, டப்பாவைத் திறந்தாள்.